சும்மா போகிறவர்களின் பஸ்

1

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸில் ஏறி, என்னுடைய முதியோர் அட்டையை மெஷினில் வைத்தேன். வழமையாகப் பச்சை விளக்கெரிந்து ஒரு சின்னச் சத்தம் போடும். அன்றைக்குச் சிவப்பு எரிந்து, வாலை மிதித்த பூனைபோலக் கத்தியது. பின்னால் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். களவாக ஏறினவள் மாதிரி எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பஸ் ஓட்டுகிறவர் எனக்குத் தெரிந்த மனிதர்தான். இங்கிலாந்தின் இந்த வடக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாதவர்களைக்கூட "அன்பே" என்கிற அர்த்தத்தில்தான் கூப்பிடுவார்கள். வந்து முப்பது வருசத்துக்கு மேலாகியும் எனக்கு அது இன்னும் கூச்சம்தான். "இந்தக் கிழமையிலிருந்து ஒன்பதரைக்குப் பிறகுதான் இலவசம், அன்பே" என்றார்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே?"

"எனக்கே நேற்றுத்தான் சொன்னார்கள். அவசர அலுவலாகப் போகிறீர்களா?"

ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் என்னை ஏற்றியிருப்பார். என் வாயில் சனி. "இல்லை, சும்மாதான் போகிறேன்" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார், பிள்ளைகளும் சிரித்தார்கள், நான் இறங்கிவிட்டேன்.

வாசிக்கிற உங்களுக்கு இந்தச் "சும்மா"வைக் கொஞ்சம் விளக்க வேண்டும். என் புருசன், இவர், காலமான பிறகு வீட்டுச் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாமல் போனது. இரண்டு வீடு தள்ளி ஜோன் என்று ஒரு மனுசி இருக்கிறா. பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவ, அவவுக்கும் புருசன் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் எட்டு மணி பஸ்ஸில் ஏறி, மேல்தட்டில் முன்சீட்டில் இருந்து, மலைக்கு மேலே பஸ் திரும்புகிற இடம்வரை போனோம். அங்கே மர வாங்கில் குந்தி, போத்தலில் கொண்டுபோன தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தோம். அவ்வளவுதான். அடுத்த செவ்வாயும் போனோம். இப்போது அது எங்களுக்குக் கோயில் மாதிரி. அன்றைக்கும் ஜோன் எனக்குப் பின்னால் வரிசையில்தான் நின்றா; நான் இறங்க, அவவும் ஏறாமல் திரும்பினா.

ஒன்பதரைக்குப் பிறகு போனால் என்ன என்று கேட்பீர்கள். ஒன்பதரைக்குப் பிறகு பஸ்ஸில் இருப்பது முழுக்க எங்களைப்போலக் கிழடுகள்தான். முழங்கால் கதை, மருந்துக் கதை. எட்டு மணி பஸ்ஸில்தான் உலகம் இருக்கிறது. வேலைக்குப் போகிற பெட்டைகள் பஸ் ஆட ஆட மை பூசுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சண்டை பிடித்து, இறங்குமுன் ராசியாவார்கள். ஜோனுக்கும் எனக்கும் கிழமை முழுக்கக் கதைக்க அது காணும்.

2

அடுத்த நாள் நகரசபைக்குப் போனேன், ஒன்பதரைக்குப் பிறகு. கருமபீடத்தில் இருந்த பிள்ளை மிகவும் மரியாதையானவள். பொதுமக்களிடம் கருத்துக் கேட்டுத்தான் முடிவெடுத்தோம் என்றாள். எங்கே கேட்டீர்கள் என்றேன். இணையத்தில் என்றாள். இணையம் இல்லாதவர்களுக்கு? நூலகத்தில் அறிவித்தல் ஒட்டியிருந்தோம் என்றாள். எங்கள் பக்கத்து நூலகத்தைத் திருத்த வேலைக்காகப் பூட்டி எத்தனையோ மாதம். "கதவுக்கு உட்பக்கமாகவா ஒட்டினீர்கள்?" என்று கேட்டேன். அதை எழுதிக்கொண்டாள் பாவம்.

பிறகு என்னிடம் கேட்டாள்: "காலை ஒன்பதரைக்கு முன் உங்களுக்குள்ள அத்தியாவசியப் பயணம் என்ன?"

நான் மலைக்கு மேலே போய்த் தேத்தண்ணி குடிக்கிற கதையைச் சொன்னேன். அவள் ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்து, ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். "தேவையற்ற பயணங்களைக் குறைப்பதே இந்த மாற்றத்தின் நோக்கம்."

திரும்பி வரும் வழியெல்லாம் இந்த வசனத்தை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று மண்டையைப் போட்டு உடைத்தேன். வீட்டுக்கு வந்து கேத்திலை அடுப்பில் வைக்கும்போதுதான் பிடிபட்டது. கேட்கவில்லை, எழுதியிருக்கிறேன். தமிழில் அதை எழுதினதே நான்தான்.

3

எங்கள் ஊர் இலங்கையில், வன்னிப் பக்கம், மல்லாவியிலிருந்து உள்ளுக்குப் போகிற றோட்டில், வயலும் காடும் கடந்து இருக்கிறது. நான் இருந்த காலத்தில் காலையில் ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ், அதுவும் வந்தால் வரும். பஸ் நிற்குமுன்பே யன்னலால் லேஞ்சியை, அதுதான் கைக்குட்டையை, எறிந்து சீட் பிடிப்போம். லேஞ்சி கிடந்தால் அந்த இடம் எறிந்தவருக்குச் சொந்தம், அதை எடுத்துவிட்டு இருக்கிற துணிவு ஒருத்தருக்கும் கிடையாது. ஒருமுறை ஒரு தாய் லேஞ்சி இல்லாமல் தன் கைக்குழந்தையையே யன்னலால் என் மடியில் தந்து இடம் பிடித்தா.

சண்டை முடிந்து சனம் திரும்பக் குடியேறின பிறகு, வெளிநாடுகளில் சிதறிக் கிடந்த ஊரவர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினோம். தலைவர் சிவநேசன் கனடாவில் இருக்கிறார், என்னைவிட வயதில் குறைந்தவர், ஓடியாடி வேலை செய்கிற பிள்ளை. செயலாளர் நான். ஊரில் வயதானவர்கள் மல்லாவிக் கிளினிக்குக்குப் போகப் படுகிற பாட்டைக் கேள்விப்பட்டு, வவுனியாவில் ஒரு பழைய பஸ்ஸை வாங்கி, நீலப் பூச்சுப் பூசி ஊருக்குக் கொடுத்தோம். முதியோருக்கு இலவசம். பஸ்ஸின் பின்பக்கத்தில் கோயில் உபயகாரர்போல எல்லாருடைய பெயரும் இருக்கிறது. இவருடைய ஞாபகமாக நான் கொடுத்ததால், இவருடைய பெயரும் "அமரர்" என்று முன்னுக்குப் போட்டு அங்கே இருக்கிறது.

கிளினிக்குக்கு ஓடின பஸ் மெல்ல மெல்லச் சந்தைக்கும் ஓடியது, கோயிலுக்கும் ஓடியது. அதுவரைக்கும் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. போன மாரியில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவு திறந்தார்கள். எங்கள் ஊர்க் கிழடுகள் எல்லாம் பஸ்ஸில் ஏறி, மாங்குளத்தால் சுற்றிப் போய், தண்ணி பாய்கிறதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதை யாரோ படம் பிடித்து முகநூலில் போட்டுவிட்டார்கள். வரிசையாக நிற்கிறார்கள், எல்லார் கையிலும் கச்சான் கடலைச் சரை. நடுவில் என்னுடைய மச்சாள் தங்கம், இவருடைய அக்கா, கண்ணாடியெல்லாம் தண்ணித் துமி, முன்பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு நிற்கிறா.

சங்கத்தின் வாட்ஸ்அப் குழு கொதித்தது. கிளினிக்குக்குக் கொடுத்த பஸ்ஸில் சுற்றுலாவோ? நாங்கள் இங்கே பனிக்குள் மாரடிக்க, அவை அங்கே கச்சான் கொறிக்கினமோ? கூட்டம் கூடி முடிவெடுத்தோம்: மருந்து எழுதுகிற கிளினிக் கொப்பியைக் காட்டினால் மட்டும் ஏற்றுவது, மற்ற நாட்களில் பஸ் கொட்டகைக்குள் நிற்க வேண்டும். மச்சாள் படத்தில் இருந்தபடியால், நான் வாய் திறந்தால் சொந்தக்காரிக்காகக் கதைக்கிறாள் என்பார்கள் என்று பேசாமல் இருந்தேன். செயலாளர் என்ற முறையில் அறிவித்தலையும் நானே எழுதினேன். "தேவையற்ற பயணங்களைத் தவிர்க்கும் நோக்குடன்" என்று தொடங்கும். நல்ல தமிழ் என்று சிவநேசன் பாராட்டினவர்.

அதற்குப் பிறகு மச்சாள் என்னோடு கதைக்கவில்லை. நான் அனுப்புகிறதை வாசித்ததற்கு நீலக் கோடு விழும், பதில் வராது. மச்சாள் கோபம் வந்தால் ஊர் கேட்கக் கத்துகிற ஆள். கத்தாமல் விட்டால்தான் பயப்பட வேண்டும்.

4

இங்கே ஜோன் சும்மா இருக்கவில்லை. பஸ்ஸில் போகிற கிழவிகள் கிழவர்களை எல்லாம் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, நகரசபை வாசலில் ஆர்ப்பாட்டம் செய்வதென்று நாள் குறித்துவிட்டா. பகல் பதினொன்று முதல் பன்னிரண்டு வரை. ஆளுக்கொரு வேலை பங்கு வைத்தார்கள். நான் சாப்பாட்டைப் பார்க்கிறேன் என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், ஆனால் மறுக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கவனயீர்ப்பு என்றால் ஒரு கொட்டகை, ஒரு தண்ணிப் பானை, மத்தியானத்துக்குச் சோற்றுப் பார்சல், கடைசியில் அதிகாரியிடம் ஒரு மகஜர். இது இல்லாமல் போராட்டம் என்றால் எனக்கு மனம் ஒப்பாது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரக் கொட்டகைக்குள் காணாமல் போன பிள்ளைகளின் படத்தோடு வருசக்கணக்காக இருக்கிற தாய்மாரை ஊருக்குப் போனபோது பார்த்திருக்கிறேன். அவர்களோடு என் பஸ் அட்டையை வைத்துப் பேச வாய் கூசும். ஆனால் தெருவில் எப்படி இருக்க வேண்டும் என்பதை அவர்களிடம்தான் கண்டேன். வந்தால் இருக்க வேண்டும், இருக்கிறவர்களுக்குப் பசிக்கக் கூடாது.

ஆர்ப்பாட்டத்துக்கு முதல் நாள் மகள் தர்சினி வந்தாள். அவள் வேறு நகரத்தில் வேலை. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லுவாள், கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். அதனால் அவளோடு தமிழ் கதைக்க ஆசைப்படும்போதெல்லாம் அவளைக் கோபப்படுத்துவேன். அன்றைக்கு நான் ஒன்றும் செய்யத் தேவையிருக்கவில்லை. குசினி முழுக்க ரோல்ஸும் கடலை வடையும் புளிச்சாதமும் பரவிக் கிடந்தன.

"அம்மா, ஒரு மணித்தியாலம்தான் அம்மா! இதென்ன கலியாண வீடே?"

"வாறவை பசியோட போகக் கூடாது."

"அவை வீட்டை சாப்பிட்டிட்டு வருவினம்!"

நான் தொலைக்காட்சிப் பெட்டி வந்த மட்டையை வெட்டி, சுலோகம் எழுதினேன். மேலே ஆங்கிலத்தில் எழுதி முடிய, கீழே பாதி மட்டை வெறுமையாகக் கிடந்தது. வெறும் இடத்தை விட எனக்கு மனம் வராது. "முதியோரின் பஸ்ஸை நிறுத்தாதே!" என்று தமிழில் கொட்டை எழுத்தில் எழுதினேன்.

மகள் தலையில் கையை வைத்தாள். "இஞ்ச ஆரம்மா தமிழ் வாசிக்கப் போகினம்?"

"கிடக்கட்டும். வடிவுக்கு" என்றேன்.

ஆர்ப்பாட்டத்தன்று மழைத் தூறல். மடக்குக் கதிரைகளோடு நல்ல கூட்டம் வந்தது. ஒரு கிழவர் தன் நாய்க்கும் சுலோகம் கட்டிக் கூட்டிவந்திருந்தார். சத்தம் போட்டோம், கைதட்டினோம். பன்னிரண்டு அடித்ததும் எல்லாரும் மிகவும் ஒழுங்காகக் கதிரைகளை மடக்கத் தொடங்கிவிட்டார்கள். போராட்டம் முடிந்ததாம்!

நான் பெட்டியைத் திறந்து ரோல்ஸை வெளியே எடுத்தேன். மடக்கின கதிரைகள் திரும்ப விரிந்தன. ஒரு மணியானது, இரண்டு மணியானது, ஒருத்தரும் அசையவில்லை. வாயில் புளிச்சாதத்தோடு சுலோகம் சொன்னார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே வந்த நகரசபை உறுப்பினர் ஒருவர் மணத்துக்கு வந்து இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டார். "இதைச் சாப்பிட்டுவிட்டு எங்களுக்கு எதிராக வாக்குப் போட்டால் வயிறு நோகும்" என்று ஜோன் அவரிடம் சொன்னா. உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் வந்தபோது, ஒரு மணித்தியாலத்தில் கலைய வேண்டிய கூட்டம் நாலு மணித்தியாலமாக மழைக்குள் இருந்தது பெரிய செய்தியாகிவிட்டது. என்னை மட்டையோடு நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார். மகள் அந்தப் படத்தை முகநூலில் போட்டாள். ஒரு வரியும் எழுதவில்லை, ஒரு சிரிக்கிற முகம் மட்டும் வைத்திருந்தாள். அவளுக்கு உள்ளுக்குள் பெருமை என்று எனக்குத் தெரியும்.

5

ஊரில் அடுத்த கிளினிக் நாள். நான் காலைத் தேத்தண்ணியோடு இருக்கும்போது போன் விடாமல் கிணுகிணுத்தது. மல்லாவிப் பக்கத்திலிருந்து காணொளிகள்.

எங்கள் நீல பஸ் றோட்டில் நிற்கிறது. அதற்கு முன்னால் தறப்பாள் கட்டிய கொட்டகை, தண்ணிப் பானை, தேத்தண்ணிக் கேத்தில். கிழடுகள் எல்லாம் பாயில் இருக்கிறார்கள். பஸ் ஓட்டுகிற பொடியன் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு அவர்களோடேயே இருந்து பிளேன்ரீ குடிக்கிறான். கோவிந்தன் ஐயா, எப்போதோ மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் காடு வெட்டி வயல் செய்தவர், எழும்பி நின்று கையை உயர்த்துகிறார். தோட்டத்து வேலைநிறுத்தங்களில் பழகின குரல். "கேக்காத, கேக்காத, கொப்பியக் கேக்காத! ஓட்டு, ஓட்டு, பஸ்ஸ ஓட்டு!"

அவருக்குப் பின்னால், பஸ்ஸின் முன்கண்ணாடியை மூடிக்கொண்டு ஒரு பெரிய பனர். பனரில் நான். மழைக் கோட்டும் தொப்பியுமாக, மட்டையைத் தூக்கிப் பிடித்தபடி. "முதியோரின் பஸ்ஸை நிறுத்தாதே!" ஒரு எழுத்தும் மாற்றத் தேவையிருக்கவில்லை. கீழே சிவப்பில் போட்டிருந்தார்கள்: "எங்கள் சங்கச் செயலாளர் எங்களோடு!"

நான் வாயில் இருந்த தேத்தண்ணியை விழுங்குமுன் மச்சாளின் அழைப்பு வந்துவிட்டது.

"என்ன பவளம், உன்ர முகம் வடிவா விழுந்திருக்கோ? மல்லாவிச் சந்தியில அடிச்சது. பெரிசா அடி எண்டு சொன்னனான்."

"மச்சாள், என்னை ஒரு சொல்லுக் கேக்காமல் என்ர படத்தைப் போட்டிட்டியளே!"

"நீ எங்களை ஒரு சொல்லுக் கேட்டோ பஸ்ஸை நிப்பாட்டினனி?"

நான் செயலாளர் அல்லவா, விட்டுக்கொடுக்கவில்லை. "கிளினிக்குக்கு இப்பவும் இலவசம்தானே மச்சாள்? நிப்பாட்டினது சும்மா திரியிறதைத்தானே?"

"கேள் பவளம். கிளினிக்குக்கு நாங்கள் எப்பிடியும் போவம். லான்ட்மாஸ்ரர் உழவு மிசின் பெட்டியில ஏறியெண்டாலும் போவம், ஆரின்ரையும் மோட்டச்சைக்கிளுக்குப் பின்னால தொங்கியெண்டாலும் போவம். வருத்தக்காரியை ஆரும் ஏத்துவினம். சும்மா போறவளை ஆர் ஏத்துவான்? அதுக்குத்தானே இலவசம் வேணும்!"

மச்சாள் விடவில்லை.

"அண்டைக்கு இரணைமடுவில தண்ணி முகத்தில அடிக்கேக்க தம்பி பக்கத்தில நிண்ட மாதிரி இருந்தது. சின்னனில அப்பா எங்கள் ரெண்டு பேரையும் சைக்கிள்ள ஏத்திக்கொண்டு போய்த்தான் வான் பாயிறதைக் காட்டினவர். இப்ப தம்பியின்ர பேர் எழுதின பஸ்ஸில போய் அதைப் பாத்தனான். அது தேவையில்லாத பயணமோ, சொல்லு?"

நான் அழுதுவிட்டேன். மச்சாளுக்கு அது கேட்டிருக்க வேண்டும். "சரி சரி, அழாதை. தேத்தண்ணி ஆறப்போகுது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தா.

மத்தியானம் சிவநேசன் எடுத்தார். "பவளமக்கா, நீங்கள் எந்தப் பக்கம்? சங்கத்தின்ர பக்கமோ, அவையின்ர பக்கமோ?"

"தம்பி, மட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது நான்தானே. நீர் பாக்கேல்லையோ?"

6

சனிக்கிழமை கூட்டம் கூடியது. கணினித் திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளுக்குள் ஊர் முழுக்க. சிவநேசனைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. காசு தந்தவர்கள் அவரைத்தான் கேள்வி கேட்கிறார்கள். கிளினிக்குக்கு என்று சேர்த்துவிட்டு வேறெதற்கும் ஓட்டினால், நாளைக்கு ஒருத்தரும் நம்பித் தர மாட்டார்கள் என்றார். நான் எட்டு மணி பஸ்ஸின் கதையைச் சொன்னேன், சிவப்பு விளக்கைச் சொன்னேன், மச்சாள் சொன்னதை அப்படியே சொன்னேன். இந்த நாட்டில் எனக்காகத் தெருவில் இருந்துவிட்டு, ஊரில் மச்சாளின் பஸ்ஸைக் கொட்டகைக்குள் விட என்னால் ஏலாது என்றேன். சிலர் தலையாட்டினார்கள், சிலர் ஆட்டவில்லை.

அப்போது சிவநேசனின் பெட்டிக்குள், அவருக்குப் பின்னால், ஒரு தலை தெரிந்தது. அவருடைய தாய். கனடாவுக்குப் போய் மகனோடு இருக்கிற மனுசி, கூட்டங்களில் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

"தம்பி, நான் ஊரில இருந்திருந்தா அந்தப் படத்தில நானும் நிண்டிருப்பன்."

"அம்மா, கூட்டம் நடக்குது…"

"நீ என்னை நல்லாத்தான் வச்சிருக்கிறாய், நான் குறை சொல்லேல்ல. டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போறாய், கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போறாய். ஆனா இஞ்ச வந்த நாள் தொடக்கம் நான் ஒரு நாளும் சும்மா வெளியில போகேல்ல, தம்பி."

சிவநேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "சரி. ஆர் ஆர் சம்மதம், கையைத் தூக்குங்கோ" என்றார். முதலில் உயர்ந்தது அவருடைய கைதான்.

கிளினிக் கொப்பியைக் கேட்பதில்லை, செவ்வாய்க்கிழமைகளில் கிழடுகள் சொல்கிற இடத்துக்கு பஸ் போகும் என்று முடிவானது. செவ்வாய் என்று கேட்டது நான்தான். அறிவித்தலையும் நானே எழுதினேன். "சமூக நலப் பயணம்" என்று போடச் சொல்லிச் சிவநேசன் கெஞ்சினார். நான் கேட்கவில்லை. "செவ்வாய்க்கிழமைகளில் பஸ் சும்மா ஓடும்" என்று ஒரே வரியில் எழுதினேன். மகளுக்கு அதை வாசித்துக் காட்டி அர்த்தமும் சொன்னேன். "அம்மா, இது நல்லா இருக்கு" என்றாள். கோபம் இல்லாமல், தமிழில்.

இங்கே நகரசபை இன்னும் மீளாய்வு செய்கிறது. மீளாய்வு என்றால் எங்கள் பக்கத்து அரசாங்க அலுவலகமான கச்சேரியில் "நாளைக்கு வாங்கோ" என்பதற்கு இங்குள்ள சொல். அதுவரைக்கும் ஜோனும் நானும் காசு கொடுத்து எட்டு மணி பஸ்ஸில் போகிறோம். காசு கொடுத்துச் சும்மா போவதில் அவ்வளவு ருசி இல்லை என்று ஜோன் முறைப்பாடு சொல்கிறா. அடுத்த ஆர்ப்பாட்டத்துக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு ரோல்ஸ் இருக்குமா என்று நகரசபைக்குள்ளிருந்தே விசாரித்திருக்கிறார்கள்.

நேற்று மச்சாளோடு கதைத்தேன். முதல் செவ்வாய் எங்கே போனீர்கள் என்று கேட்டேன். புதுக்குடியிருப்புச் சந்தைக்காம். அங்கே என்ன வாங்கினீர்கள்? ஒன்றும் வாங்கவில்லையாம், பார்த்துவிட்டு வந்தார்களாம்.

"மச்சாள், வாற மாரிக்கு இரணைமடு நிரம்பினா நானும் வரட்டே? அந்த பஸ்ஸில எனக்கொரு சீட் பிடிச்சு வைப்பியளோ?"

"நீ வெளிநாட்டுக்காரி. என்ன அலுவலா வாறாய் எண்டு முதல் சொல்லு."

நான் யோசித்துப் பார்த்தேன். போன முறைகளெல்லாம் காணி அலுவல், திவச அலுவல், சங்கத்து அலுவல் என்று கைநிறைய அலுவலோடுதான் போயிருக்கிறேன்.

"ஒரு அலுவலும் இல்லை மச்சாள். சும்மாதான்."

"சும்மாவோ? அப்ப வா. லேஞ்சி போட்டு வைக்கிறன்."